வந்தவாசியில் மோதிய இரண்டு அயர்லாந்துகள்: அயல்மண்ணில் போரிட்ட ஐரிஷ் வீரர்களை எவ்வாறு நினைவுகூர்வது?

சேயாற்றங்கரை எழுதியது:

மார்ச் 17ஆம் நாள், புனித பாட்ரிக் திருநாளன்று, நியூயார்க் நகரத்து ஊர்வலத்தை முன்னின்று நடத்திச் செல்வது 69ஆம் காலாட்படைப் பிரிவு என்பது நெடுங்கால வழக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஐரிஷ் குடியேறிகளைத் திரட்டிக்கொண்டு போரிட்ட பிரிவு அது. அதன் கொடிகளுள் ஒன்றை 1963 ஜூன் மாதம் டப்ளினுக்கு வந்த அதிபர் கென்னடி அயர்லாந்து நாடாளுமன்றத்துக்குப் பரிசாக அளித்தார். ஐரிஷ் மரபைக் கொண்டாடுவோர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும், அயல்நாட்டுப் படைகளில் பணியாற்றி மடிந்த தம் முன்னோருக்கு அந்தக் கொண்டாட்டத்தில் நடுநாயகமான இடம் கொடுத்திருப்பதைக் காணலாம். பிரான்சு, ஸ்பெயின், மெக்சிகோ, அர்ஜென்டினா, சிலி என்று அந்த வரிசை நீளும்.

அந்த வரிசையில் எங்கள் வட்டாரத்து வந்தவாசியும் இருக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1760 ஜனவரி 22 அன்று அங்கே பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதின; தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் முதுகெலும்பு அன்று முறிந்தது. இதுவரை நம் பள்ளிப் பாடநூலிலேயே உண்டு. ஆங்கிலேயர் தரப்பின் தளபதி ஐர் கூட் அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தில் பிறந்தவர் என்பதும், பிரெஞ்சுத் தரப்பின் தளபதி லாலி பிரபு பிரான்சில் பிறந்தவரானாலும் கால்வே மாவட்டத்திலிருந்து நாடு நீங்கிச் சென்ற ஜெரார்டு லாலியின் மகன் என்பதும், அவருடைய பெயரையே தாங்கிய ஐரிஷ் படைப்பிரிவு ஒன்று அன்று களத்தில் நின்றது என்பதும் பாடநூலில் இல்லை.

ஆகவே இந்த இழையை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். தாய்நாட்டில் நிலத்தையும் உரிமையையும் இழந்தவர்கள் அயல்நாட்டு அரசர்களுக்காகப் போரிட்டதைப் பெருமைக்குரிய மரபாகக் கொள்வது சரியா? கொள்வதானால், அவர்கள் யாருடைய மண்ணில் போரிட்டார்களோ அந்த மக்களுக்கு அந்தப் பெருமையில் என்ன இடம்? விவரம் அறிந்தவர்கள் எழுதுமாறு வேண்டுகிறேன்.

பழைய ஏடு எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் விடை சொல்வதற்கு முன்பு, இவர்கள் ஏன் கடல் கடந்தார்கள் என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். அது தெரியாமல் 'கூலிப்படை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது.

இங்கிலாந்தின் அரியணையை இழந்த கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்காக அயர்லாந்தில் நடந்த போர், 1691 அக்டோபர் 3 அன்று கையெழுத்தான லிமெரிக் உடன்படிக்கையோடு முடிவடைந்தது. அந்த உடன்படிக்கையின் படைத்துறைப் பகுதி, தோற்ற வீரர்கள் விரும்பினால் பிரான்சுக்குக் கப்பலேறலாம் என்று அனுமதித்தது. பாட்ரிக் சார்ஸ்ஃபீல்டின் தலைமையில் சுமார் 14,000 வீரர்கள் சென்றார்கள்; பெண்களும் குழந்தைகளும் ஆயிரக்கணக்கில் உடன் சென்றார்கள். இவர்களையும், இவர்களுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக் காலம் சிறுகச் சிறுகப் புறப்பட்டுப் போனவர்களையும்தான் ஐரிஷ் மக்கள் 'காட்டு வாத்துகள்' என்று அழைக்கிறார்கள். சார்ஸ்ஃபீல்டு இரண்டே ஆண்டுகளில், 1693இல், இன்றைய பெல்ஜியத்திலுள்ள லாண்டனில் நடந்த போரில் பட்ட காயத்தால் இறந்தார்.

அதே உடன்படிக்கையின் குடிமைப் பகுதி, அயர்லாந்திலேயே தங்கிவிட்ட கத்தோலிக்கர்களுக்குச் சில பாதுகாப்புகளை உறுதியளித்தது. அந்த உறுதி காப்பாற்றப்படவில்லை. அடுத்தடுத்து இயற்றப்பட்ட தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கர் ஆயுதம் வைத்திருப்பதையும், 5 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரையை வைத்திருப்பதையும், பிள்ளைகளைக் கல்விக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதையும் தடை செய்தன. நிலம் வாங்குவதும் அரசுப் பதவி வகிப்பதும் கைநழுவின. படைத்தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்களுக்குச் சொந்த நாட்டில் வாளே மறுக்கப்பட்டபோது அவர்கள் பிரான்சிலும் ஸ்பெயினிலும் ஆஸ்திரியாவிலும் அந்தத் தொழிலைத் தேடிக்கொண்டார்கள். ஸ்பெயின் படையில் இபெர்னியா, இர்லாந்தா, உல்தோனியா என்று மூன்று ஐரிஷ் பிரிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தன.

பிரான்சில் இருந்த ஐரிஷ் பிரிகேடு தன் நாடிழந்த மன்னருக்கான விசுவாசத்தைக் காட்டப் பிரெஞ்சுப் படையிலும் சிவப்பு அங்கியையே அணிந்தது. 1745 மே 11 அன்று ஃபான்டனாய் களத்தில் கிளேர், டில்லன், பல்க்லி, ராத், பெரிக், லாலி ஆகிய ஆறு பிரிவுகளும் ஆங்கிலேயக் காலாட்படையின்மீது பாய்ந்ததைத்தான் ஐரிஷ் படைவரலாற்றின் உச்சமாக இன்றும் போற்றுகிறார்கள். "லிமெரிக்கை நினைவில் கொள்ளுங்கள்" என்று முழங்கிக்கொண்டு அவர்கள் பாய்ந்ததாக மரபு சொல்கிறது. அந்தப் போரில் தன் பிரிவை நடத்திய லாலிதான் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் புதுச்சேரியில் வந்து இறங்கியவர்.

கூட் வேறு உலகத்தைச் சேர்ந்தவர். அவருடைய குடும்பம் அயர்லாந்தில் குடியேறி நிலவுடைமை பெற்ற புராட்டஸ்டன்ட் குடும்பம். எந்தச் சட்டங்கள் லாலியின் உறவினர்களைத் துரத்தினவோ அதே சட்டங்கள் கூட்டின் உறவினர்களை உயர்த்தின. ஆகவே வந்தவாசியில் நின்றவர்களை 'இரண்டு ஐரிஷ்காரர்கள்' என்று சொல்வதைவிட, 1691இல் பிளவுபட்ட ஒரே நாட்டின் இரண்டு பாதிகள் என்று சொல்வது பொருந்தும் என்பது என் கருத்து. தலைப்பில் 'இரண்டு அயர்லாந்துகள்' என்று எழுதியதற்காகச் சேயாற்றங்கரை அவர்களைப் பாராட்டுகிறேன்.

புதுவைவாசி எழுதியது:

பழைய ஏடு ஐயாவின் விளக்கம் நன்று. ஆனால் ஃபான்டனாய் வீரர் புதுச்சேரியில் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் எழுதாவிட்டால் இந்த இழை புகழ்மாலையாகிவிடும்.

லாலி 1758 ஏப்ரலில் வந்தார். ஜூன் 2 அன்று கடலூருக்கு அருகிலுள்ள செயின்ட் டேவிட் கோட்டையைக் கைப்பற்றினார். அதுவரை வெற்றிதான். அதன் பிறகு, கையில் பணமில்லாமல், தஞ்சை மன்னர் தர வேண்டிய பழைய கடனை வசூலிப்பதற்காகப் படையெடுத்தார். வழியில் நாகூரைக் கசக்கிப் பணம் திரட்டினார். கீவளூர்க் கோயிலில் புதையல் தேடினார். அங்கிருந்த பிராமணர்களை ஒற்றர்கள் என்று குற்றஞ்சாட்டிப் பீரங்கி வாயில் வைத்துச் சுட்டார். சுமை தூக்க ஆள் போதாதபோது புதுச்சேரி மக்களைப் பலவந்தமாகப் பிடித்து வேலை வாங்கினார். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக, இடைத்தரகராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அந்த ஆண்டுகளுக்காக வாசிப்பவர்கள், ஊரில் நிலவிய அச்சத்தை உணராமல் இருக்க முடியாது. அந்த நாட்குறிப்பும் அதை எழுதியவரின் வாழ்வும் 1761 ஜனவரியில், நகரம் வீழ்ந்த அதே மாதத்தில், முடிந்துபோயின.

இவற்றைவிட என்னை உறுத்துவது 1760 நவம்பரில் நடந்தது. கூட்டின் படை புதுச்சேரியைச் சூழ்ந்துகொண்டு பட்டினி போட்டபோது, இருக்கிற உணவு படைக்கே போதாது என்று கருதிய லாலி, நகரத்திலிருந்த உள்ளூர் மக்கள் சுமார் 1,400 பேரைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். உணவு தீரட்டும் என்று காத்திருந்த ஆங்கிலேயர்களோ அவர்களைத் தம் வரிசையைக் கடக்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். கோட்டை வாசலில் பிரெஞ்சுத் துப்பாக்கி, எதிரே ஆங்கிலேயத் துப்பாக்கி. நடுவில் புல்லையும் வேரையும் தின்றுகொண்டு ஒரு வாரத்துக்கு மேல் அந்த மக்கள் கிடந்தார்கள். கடைசியில் கூட் மனமிரங்கி வழிவிட்டார். சேயாற்றங்கரை அவர்கள் சொன்ன இரண்டு அயர்லாந்துகளுக்கும் இடையில் சிக்கியவர்கள் தமிழர்கள். அயர்லாந்தின் மரபை யாரும் கொண்டாடட்டும், எனக்கு மறுப்பில்லை. இந்த ஒரு வாரத்தை மறந்துவிட்டு லாலியை வீரத்தியாகி என்று பேசினால் மட்டும் மறுப்பேன்.

தேன்மொழி எழுதியது:

புதுவைவாசி அவர்களே, லாலியின் முடிவையும் சேர்த்தே எழுதியிருக்கலாம். தோல்விக்கு ஒரு பலியாடு வேண்டியிருந்த பிரான்சு, அவரைத் துரோகி என்று தீர்ப்பளித்து, 1766 மே 9 அன்று வாயில் துணியடைத்துக் கொண்டுபோய்த் தலையை வெட்டியது. அவருடைய மகனும் வால்டேரும் பல ஆண்டுகள் போராடிய பிறகு 1778இல் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. அவர் கொடுமையான தளபதி என்பது உண்மை. துரோகி என்பது பொய். இரண்டையும் ஒரே மனிதரிடம் பார்க்கப் பழக வேண்டும்.

இன்னொரு ஐயம். வந்தவாசியில் நின்ற லாலி பிரிவில் உண்மையில் எத்தனை ஐரிஷ்காரர்கள் இருந்திருப்பார்கள்? லிமெரிக்கிலிருந்து அதற்குள் எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டனவே.

பழைய ஏடு எழுதியது:

தேன்மொழி அம்மையாரின் ஐயம் நியாயமானது. 1740களுக்குப் பிறகு அயர்லாந்திலிருந்து நேரடியாக ஆள் திரட்டுவது மிகக் கடினமாகிவிட்டது. பிரெஞ்சுப் படைக்கு ஆள்சேர்ப்பது ஆங்கிலேயச் சட்டப்படி மரணதண்டனைக்குரிய குற்றம். ஆகவே அதிகாரிகள் பெரும்பாலும் ஐரிஷ் குடும்பங்களைச் சேர்ந்தவர்களாகவே தொடர்ந்தாலும், சிப்பாய் வரிசையில் ஃபிளாண்டர்ஸ் நாட்டாரும் ஜெர்மானியரும், ஆங்கிலேயப் படையிலிருந்து ஓடிவந்தவர்களும் பெருகினார்கள். ஐரிஷ் பிரிகேட்டின் பிந்தைய வரலாற்றைக் கொண்டாடுவோர் இதைச் சொல்வதே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எதிர்த்தரப்பில், கம்பெனியின் ஐரோப்பியப் படையிலும், காலம் செல்லச் செல்ல ஐரிஷ் சிப்பாய்களின் பங்கு கூடிக்கொண்டே போனது. 1830ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படையின் சிப்பாய்களில் நூற்றுக்கு 42 பேர் ஐரிஷ்காரர்கள் என்ற கணக்கு வரலாற்றாசிரியர்கள் பலரும் எடுத்தாள்வது. எந்தப் பேரரசிடமிருந்து 'காட்டு வாத்துகள்' பறந்து போனார்களோ, அதே பேரரசின் படைக்கு அவர்களுடைய உறவினர்களின் பேரப்பிள்ளைகள் வறுமையால் போய்ச் சேர்ந்தார்கள்.

லிஃபிக்கரை எழுதியது:

டப்ளினில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். பழைய ஏடு ஐயா கடைசியில் தொட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். ஏனெனில் அந்தச் சிப்பாய்களின் வரலாறு சென்னையிலிருந்து டப்ளினுக்கு நேராக வந்து சேர்கிறது.

1748இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் சென்னையில் ஒழுங்குபடுத்திய கம்பெனியின் ஐரோப்பியப் படைதான் பின்னாளில் மெட்ராஸ் ஃப்யூஸிலியர்ஸ் ஆனது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கம்பெனியின் ஆட்சி முடிவுக்கு வந்தபோது அது பிரிட்டிஷ் அரசின் 102ஆம் பிரிவாயிற்று. 1881இல் படைகள் மறுசீரமைக்கப்பட்டபோது அதையும் பம்பாயைச் சேர்ந்த 103ஆம் பிரிவையும் இணைத்து, அயர்லாந்தின் நேஸ் நகரத்தைத் தலைமையிடமாக்கி, 'ராயல் டப்ளின் ஃப்யூஸிலியர்ஸ்' என்று பெயரிட்டார்கள். அந்தப் பிரிவின் போர்ப் பெருமைகளின் பட்டியலில் ஆர்க்காடு இருக்கிறது, வந்தவாசி இருக்கிறது, சோளிங்கர் இருக்கிறது, புதுச்சேரி இருக்கிறது. டப்ளின் சேரிகளிலிருந்து சேர்ந்த இளைஞன் தன் படையின் பெருமையாக நம் ஊர்ப் பெயர்களைத் தாங்கிக்கொண்டுதான் தென்னாப்பிரிக்காவுக்கும் துருக்கியின் கலிப்போலிக்கும் சென்றான்.

தென்னாப்பிரிக்காவின் டச்சுவழிக் குடியேறிகளான போயர்களை எதிர்த்து 1899இல் தொடங்கிய போயர் போரில் அந்தப் பிரிவினர் பெருமளவில் மடிந்தார்கள். அவர்களுக்காக 1907இல் செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கிரீன் பூங்காவின் வாயிலில் எழுப்பப்பட்ட கல் வளைவில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தேசியவாதிகள் அதற்கு வைத்த பெயர் 'துரோகிகள் வாயில்'. காரணம் உண்டு: அதே போரில் ஜான் மெக்பிரைடு என்ற ஐரிஷ்காரர் சிறு ஐரிஷ் படையொன்றைத் திரட்டிப் போயர்களின் பக்கம் நின்று பிரிட்டிஷாரை எதிர்த்தார், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 எழுச்சிக்குப் பிறகு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆக, வந்தவாசியில் நடந்தது தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் நடந்தது.

1915 ஏப்ரல் 25 அன்று கலிப்போலியின் வி கடற்கரையில் முதல் பட்டாலியன், அதாவது பழைய மெட்ராஸ் ஃப்யூஸிலியர்ஸ், திறந்த படகுகளில் கரையை நோக்கிச் சென்றபோது துருக்கியரின் குண்டுமழையில் சிக்கிச் சிதைந்தது. உடன் இறங்கிய மன்ஸ்டர் ஃப்யூஸிலியர்ஸும் பழைய வங்காளக் கம்பெனிப் படையின் வாரிசுதான். எஞ்சியவர்கள் மிகக் குறைவாக இருந்ததால் இரண்டு பட்டாலியன்களையும் சில காலம் ஒன்றாக இணைத்தே வைத்திருந்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1916 ஏப்ரலில், டப்ளின் தெருக்களில் எழுச்சி வெடித்தபோது அதை அடக்க முதலில் அனுப்பப்பட்டவர்களுள் அதே டப்ளின் ஃப்யூஸிலியர்ஸின் வேறு பட்டாலியன்களும் இருந்தன. கவிஞரும் பேராசிரியரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான டாம் கெட்டில் அந்த ஆண்டு செப்டம்பரில் கின்ஷி களத்தில் அதே பிரிவின் அதிகாரியாக மடிந்தார். சிறிய நாடுகளின் உரிமைக்காகப் போரிடுவதாக நம்பிப் போனவர் அவர். அவருடைய மார்பளவுச் சிலை, மேலே சொன்ன வளைவு நிற்கும் அதே பூங்காவில் இருக்கிறது.

திரும்பி வந்தவர்களுக்கு அயர்லாந்தில் வரவேற்பு இல்லை. பலர் தாம் போருக்குச் சென்றதையே பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஐலண்ட்பிரிட்ஜ் என்ற இடத்தில் லிஃபி ஆற்றோரமாகக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த நினைவுத் தோட்டம் 1930களிலேயே கட்டப்பட்டும், முறையான அர்ப்பணிப்பு நடந்தது 1988இல்தான். இடையில் அது புதர் மண்டிப் பாழாகிக் கிடந்தது. 2011இல் பிரிட்டிஷ் அரசி அங்கே வந்து அயர்லாந்து அதிபருடன் சேர்ந்து மலர்வளையம் வைத்தபோது இங்கே எதிர்ப்பும் எழுந்தது, கண்ணீரும் வந்தது. ஆகவே 'ஐரிஷ் வீரர்களைக் கொண்டாடுதல்' என்பது ஐரிஷ் மக்களுக்கே ஒருமித்த கருத்துள்ள செய்தி இல்லை என்பதை நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

தேன்மொழி எழுதியது:

மெட்ராஸ் ஃப்யூஸிலியர்ஸ் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வருவது நீல் சிலைதான். 1857இல் அந்தப் பிரிவை வடக்கே நடத்திச் சென்ற ஜேம்ஸ் நீல் அலகாபாத்திலும் கான்பூரிலும் செய்த கொடுமைகள் ஊரறிந்தவை. அவருக்கு மவுண்ட் ரோட்டில் வைத்த சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. நீல் ஸ்காட்லாந்துக்காரர் என்றாலும் அவர் பெயரால் அந்தப் பிரிவுக்கு வந்த 'நீலத் தொப்பிகள்' என்ற பட்டத்தை டப்ளின் ஃப்யூஸிலியர்ஸ் கடைசிவரை பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள்.

லிஃபிக்கரை அண்ணா, கலிப்போலியில் மடிந்த ஏழை டப்ளின் இளைஞர்களுக்காக நானும் வருந்துகிறேன். ஆனால் அந்தப் பட்டத்தையும் சேர்த்துக் கொண்டாடச் சொன்னால் என்னால் இயலாது.

லிஃபிக்கரை எழுதியது:

கொண்டாடச் சொல்லவில்லை, அம்மா. இங்கேயும் அப்படியொரு சிலை இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். லிமெரிக் மாவட்டத்தில் பிறந்து சீக்கியப் போர்களில் பிரிட்டிஷ் படையை நடத்திய ஹ்யூ காஃப் பிரபுவுக்கு ஃபீனிக்ஸ் பூங்காவில் குதிரைமேல் அமர்ந்த சிலை ஒன்று இருந்தது. 1957இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சியதைப் பின்னர் விற்றுவிட்டார்கள். பழுதுபார்க்கப்பட்டு இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு கோட்டையில் நிற்கிறது. நம் ஊரார் அருங்காட்சியகத்தில் வைத்தது மேல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எதிர்க்காற்று எழுதியது:

எல்லோரும் இவ்வளவு தயங்குவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கொண்டாடத்தக்கவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கொண்டாடிவிட்டு மற்றவர்களை விட்டுவிடலாமே!

முதலில் மெக்சிகோவின் சான் பத்ரீசியோ படையைச் சொல்வேன். கால்வே மாவட்டத்துக் கிளிஃப்டன் ஊரைச் சேர்ந்த ஜான் ரைலி, அமெரிக்கப் படையில் கத்தோலிக்கக் குடியேறிகள் பட்ட அவமதிப்பைச் சகிக்காமல் 1846இல், அமெரிக்க-மெக்சிகோ போர் மூளவிருந்த வேளையில், மெக்சிகோவின் பக்கம் சென்றார். அவருடன் சேர்ந்தவர்கள் புனித பாட்ரிக்கின் பெயரால் கொடி பிடித்துப் போரிட்டார்கள். 1847 ஆகஸ்டு 20 அன்று சுருபுஸ்கோவில் வெடிமருந்து தீரும்வரை நின்றார்கள். பிடிபட்டவர்களில் ஏறத்தாழ ஐம்பது பேரை அமெரிக்கர்கள் தூக்கிலிட்டார்கள். அவர்களில் முப்பது பேரைக் கழுத்தில் கயிற்றோடு நிற்கவைத்து, செப்டம்பர் 13 அன்று சாபுல்தெபெக் கோட்டையில் அமெரிக்கக் கொடி ஏறும் கணத்தில் தொங்கவிட்டார்கள். மெக்சிகோ அவர்களை இன்றளவும் ஆண்டுதோறும் போற்றுகிறது.

அடுத்து நம் நாட்டிலேயே, பிரிட்டிஷ் படையின் ஐரிஷ் பிரிவான கன்னாட் ரேஞ்சர்ஸில் நடந்த கலகம். 1920 ஜூன் 28 அன்று ஜலந்தரில், தாய்நாட்டில் பிரிட்டிஷ் படைகள் செய்யும் அட்டூழியங்களைக் கேள்விப்பட்ட ஐரிஷ் சிப்பாய்கள் இனிப் பணி செய்ய மாட்டோம் என்று ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். சோலனில் இருந்த பிரிவுக்கும் அது பரவியது. ஆயுதக் கிடங்கைக் கைப்பற்ற முயன்றபோது இருவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதற்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் டேலி என்ற இளைஞரை நவம்பர் 2 அன்று தக்ஷாய் சிறையில் சுட்டார்கள். 1970இல் அவருடைய உடல் அயர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சொந்த ஊரான டிரெல்ஸ்பாஸில் அடக்கம் செய்யப்பட்டது. பேரரசுக்கு 'மாட்டேன்' என்று சொன்ன இவர்களை விட்டுவிட்டுக் கூட்டையும் லாலியையும் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்?

சேயாற்றங்கரை எழுதியது:

எதிர்க்காற்று நண்பரே, நீங்கள் சொன்ன இருவகையினரையும் நானும் மதிக்கிறேன். ஆனால் நமக்குப் பிடித்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து 'இதுதான் ஐரிஷ் மரபு' என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. சான் பத்ரீசியோ படையினர் சில நூறு பேர். அவர்களிலும் ஜெர்மானியரும் பிறரும் கணிசமாக இருந்தார்கள். அதே போரில் அமெரிக்கச் சீருடையில் மெக்சிகோ மண்ணை மிதித்த ஐரிஷ்காரர்கள் அவர்களைப்போலப் பல மடங்கு. ரைலியே தூக்குக்குத் தப்பியதற்குக் காரணம், போர் அறிவிக்கப்படுவதற்கு முன்பே அவர் அணிமாறியிருந்தார் என்ற சட்ட நுணுக்கம். சாட்டையடியும் முகத்தில் சூட்டுக்கோலும் அவருக்குத் தண்டனையாயின.

கன்னாட் ரேஞ்சர்ஸ் செய்தியிலும் ஒன்றை மறக்கக் கூடாது. அவர்கள் ஜலந்தரில் ஆயுதத்தைக் கீழே வைத்தது அயர்லாந்துக்காக. அதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான் பக்கத்து அமிர்தசரசில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்திருந்தது. அப்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்து அதை ஆதரித்த மைக்கேல் ஓ'டுவையர் டிப்பரேரி மாவட்டத்தில் பிறந்த ஐரிஷ் கத்தோலிக்கர். கலகக்காரர்களில் ஒருவரான ஜோ ஹாஸ், தாங்கள் இந்தியாவில் செய்ததும் பிரிட்டிஷார் அயர்லாந்தில் செய்ததும் ஒன்றே என்று உணர்ந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். அந்த உணர்வு அவருக்கு வந்தது பெரிது. அது அவரது பட்டாலியன் முழுவதற்கும் வந்தது என்று நாம் எழுதிக்கொள்ள இயலாது.

ஒடுக்கப்பட்ட மக்கள் என்பதால் ஐரிஷ்காரர்கள் இயல்பாகவே நம் பக்கம் இருந்தார்கள் என்பது நம்மவர்களுக்கு இனிக்கும் கதை. டேலியும் ஓ'டுவையரும் ஒரே தீவிலிருந்து ஒரே மாகாணத்துக்கு வந்தவர்கள் என்பதை அந்தக் கதை தாங்காது.

எதிர்க்காற்று எழுதியது:

ஏற்கிறேன், பாதி. எண்ணிக்கையில் சிறியது என்பதால் ஒரு செயலின் மதிப்புக் குறையாது என்ற என் நிலையில் மாற்றமில்லை.

பழைய ஏடு எழுதியது:

சேயாற்றங்கரை அவர்கள் சொன்னதற்கு வலுச்சேர்க்க அமெரிக்காவிலிருந்தே ஒரு சான்று. 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெடரிக்ஸ்பர்க் களத்தில், வாட்டர்ஃபோர்டைச் சேர்ந்த தாமஸ் பிரான்சிஸ் மாஹரின் ஐரிஷ் பிரிகேடு தொப்பிகளில் பச்சைத் தழையைச் செருகிக்கொண்டு மேரி குன்றின் கற்சுவரை நோக்கி ஏறியது. சென்ற சுமார் 1,200 பேரில் ஏறத்தாழ 545 பேர் இறந்தோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் நின்று சுட்ட ஜார்ஜியா மாநிலப் படையிலும் ஐரிஷ்காரர்கள் இருந்தார்கள். மாஹர் அயர்லாந்தில் நடந்த 1848 எழுச்சிக்காக மரணதண்டனை விதிக்கப்பட்டு, பின் நாடுகடத்தப்பட்டு, டாஸ்மேனியாவிலிருந்து தப்பி வந்தவர். அமெரிக்காவில் பெறும் போர்ப்பயிற்சி ஒருநாள் அயர்லாந்தின் விடுதலைக்குப் பயன்படும் என்று அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடு சேர்ந்தவர்களைக் கூலிக்குச் சேர்ந்தவர்களோடு ஒரே தட்டில் வைக்க நான் தயங்குவேன். ஆனால் களத்தில் இருசாராரும் ஒரே குண்டுக்குத்தான் இரையானார்கள்.

புதுவைவாசி எழுதியது:

விவாதம் எங்கள் ஊரைவிட்டு வெகுதூரம் போய்விட்டது. திரும்ப அழைத்து வருகிறேன்.

லிஃபிக்கரை அவர்கள் சொன்ன ஐலண்ட்பிரிட்ஜ் தோட்டத்தில், முதல் உலகப்போரில் இறந்தவர்களாக 49,400 பெயர்கள் கொண்ட நினைவேடுகள் இருக்கின்றன. ஐரிஷ் பிரிவுகளில் பணியாற்றிய ஆங்கிலேயர், ஸ்காட்லாந்தார் பெயர்களும் அதில் கலந்திருப்பதால், உண்மையில் இறந்த ஐரிஷ்காரர்கள் சுமார் 35,000 பேர் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எந்தப் பெயர் சேர வேண்டும், எது கூடாது என்று அவ்வளவு நுணுக்கமாக வழக்காடுகிறார்கள். அது நல்ல பழக்கம். வந்தவாசியில் இருதரப்பிலும் மடிந்த இந்தியச் சிப்பாய்களுக்கும், புதுச்சேரிக் கோட்டைக்கு வெளியே கிடந்த அந்த 1,400 பேருக்கும் அப்படியொரு பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை.

வந்தவாசிக் கோட்டையின் எச்சத்துக்கு அருகில் என்றாவது விரிவான விளக்கப் பலகை வைத்தால், கூட், லாலி, லாலியின் கீழிருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஆகியோரின் பெயர்களோடு அவர்கள் எந்த நாட்டிலிருந்து ஏன் வந்தார்கள் என்பதையும், அந்தப் போருக்குச் சுமை தூக்கியவர்கள் யார், அதே ஆண்டின் இறுதியில் பட்டினி கிடந்தவர்கள் யார் என்பதையும் எழுத வேண்டும். அயர்லாந்திலிருந்து யாரேனும் தம் மரபைத் தேடி அங்கே வந்தால் அவர்களும் அதை வாசிக்கட்டும்.

சேயாற்றங்கரை எழுதியது:

முழுமையாக உடன்படுகிறேன். அப்படியொரு பலகைக்கான வாசகத்தை இந்த இழையிலேயே எழுதித் திருத்திக்கொள்ளலாம். முதல் வரைவைப் புதுவைவாசி அவர்களே எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். பழைய ஏடு ஐயா ஆண்டுகளைச் சரிபார்த்துத் தருவார் என்று நம்புகிறேன்.

தேன்மொழி எழுதியது:

லிஃபிக்கரை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. வந்தவாசி என்ற பெயர் தாங்கிய அந்தப் படைக்கொடி இப்போது டப்ளினில் இருக்கிறதா?

லிஃபிக்கரை எழுதியது:

டப்ளினில் இல்லை. அயர்லாந்து தனியரசாகும் வேளையில் தென்பகுதியைச் சேர்ந்த ஐரிஷ் காலாட்படைப் பிரிவுகள் ஐந்தும் கலைக்கப்பட்டன. டப்ளின் ஃப்யூஸிலியர்ஸும் கன்னாட் ரேஞ்சர்ஸும் மன்ஸ்டர் ஃப்யூஸிலியர்ஸும் அவற்றுள் அடக்கம். 1922 ஜூன் 12 அன்று அவற்றின் கொடிகளை விண்ட்சர் கோட்டையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரிடம் ஒப்படைத்தார்கள். அவற்றைப் பாதுகாப்பதாக மன்னர் உறுதியளித்தார். அவை அங்கேயே தங்கிவிட்டன.